அஞ்சு கலர் பேனாவும் ஒரு குரூப் ஃபோரும்

வாடா பேராண்டி, உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், உங்க அப்பாயி மோர் மிளகா காயப் போட்டிருக்கா. லட்சியம் உள்ளவன் மிதிச்சாலும் அவ திட்டத்தான் செய்வா.

சர்க்கார் வேலைக்கு குரூப் ஃபோர் பரீட்சை எழுதப் போறியாமே? சந்தோஷம். சுவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணையையும் பார்த்தேன். தமிழுக்குப் பச்சை, கணக்குக்குச் சிவப்பு, வரலாறுக்கு நீலம், நடப்பு நிகழ்வுக்கு ஊதா, ஓய்வுக்கு மஞ்சள். உள்ளதைச் சொல்றேன், மஞ்சள்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா நிறைய இருக்கு. காலையில நாலரை மணிக்கு எழுந்திருக்கிறதாப் போட்டிருக்கே. இந்த வீட்டுல அந்த நேரத்துக்கு முழிச்சிருக்கிறது நானும் பசுமாடும்தான். மாட்டுகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், திடீர்னு உன்னைப் பார்த்து மிரண்டுடப் போவுது.

நான் சொல்ற யோசனையைக் கேளு. படிக்க மட்டும் அவசரப்பட்டுடாதே. முதல்ல நல்ல நோட்டா ஒண்ணு வாங்கு. அட்டை கெட்டியா இருக்கணும், நடுவுல நாடா தொங்கணும். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, ரெண்டாம் பக்கத்துல உன் பேரு, மூணாம் பக்கத்துல 'என் இலக்கு'. நாலாம் பக்கம் வரும்போது கையெழுத்து கோணிக்கும். நோட்டு ராசியில்லைன்னு வேற ஒண்ணு வாங்கிடு. அப்புறம் போன தடவை பாஸ் பண்ணினவங்க எப்படிப் படிச்சாங்கன்னு யூடியூப்ல பாரு. ஒருத்தர் விடியக்காலையில படிக்கணும்பாரு, இன்னொருத்தர் ராத்திரிதான் படிக்கணும்பாரு. ரெண்டு பேர் மனசும் கோணாம, ரெண்டு வேளையும் அவங்க வீடியோவைப் பாரு. கடைசியா வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல 'இன்று முதல்'னு ஒரு வரி போட்டுடு. உங்க சித்தப்பா கைதட்டுற பொம்மை அனுப்புவாரு, அத்தை மக இதயம் அனுப்புவா. வேலையே கிடைச்சிட்ட மாதிரி நெஞ்சு நிறைஞ்சிடும். நெஞ்சு நிறைஞ்சவனுக்குப் படிப்பு எதுக்கு?

அது என்னடா, தக்காளி முறைன்னு நேத்து போன்ல யாருக்கோ விளக்கிட்டிருந்தே? இத்தாலிக்காரர் ஒருத்தர், பிரான்செஸ்கோ சிரில்லோன்னு பேராம், படிக்கிற காலத்துல சமையக்கட்டுல வைக்கிற தக்காளி உருவத்து மணியைத் திருகி வச்சிக்கிட்டுப் படிச்சாராம். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. குறை சொல்ல முடியாத முறை. நீயும் தவறாமப் பண்றே, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்ன, 25ஐயும் 5ஐயும் இடம் மாத்திக்கிட்டே, அவ்வளவுதான்.

அட்டவணைக்குக் கீழ ஒரு பட்டியல் வேற. குரூப் ஃபோர், சிக்ஸ் பேக், கிட்டார், ஸ்போக்கன் இங்கிலீஷ், யூடியூப் சேனல், ஒரு லட்சம் சேமிப்பு, சர்க்கரையை விடறது, தினம் பத்துப் பக்கம் புத்தகம், நீச்சல். பத்தாவதா 'மன நிம்மதி'. மேல இருக்கிற ஒன்பதையும் வச்சுக்கிட்டு பத்தாவது எங்கேருந்துடா வரும்?

விதைநெல்லை மூட்டையோட கொண்டு போய் நாத்தங்கால்ல கொட்டிடறோமா? வாளித் தண்ணியில உப்பைப் போட்டுக் கலக்குவோம். அதுல கோழி முட்டை ஒண்ணை விட்டா முதல்ல அடியில போய்ப் படுத்துக்கும். உப்பு ஏற ஏற மெதுவா எழும்பும். முட்டையோட முதுகு பழைய எட்டணா அளவுக்குத் தண்ணிக்கு மேல தெரிஞ்சா உப்பு போதும்னு அர்த்தம். முட்டையை எடுத்துட்டு விதையைக் கொட்டிக் கையால அளாவினா, பதரும் கருக்காயும் மேல வந்து மிதக்கும். வழிச்சு எறிஞ்சிடுவோம். முங்கினதை மட்டும் எடுத்து, உப்புப் போக நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசி விதைப்போம். மிதக்கிறதும் பார்வைக்கு நெல்லுதான், அதே நிறம், அதே மூக்கு. வாளியில போடற வரைக்கும் எது எதுன்னு எனக்கே தெரியாது.

உன் பட்டியலையும் அந்த வாளியில போட்டுப் பாரு. இதுக்கு உப்பு, 'இதுக்காக எதை விடப் போறே'ங்கிற கேள்வி. கிட்டாருக்காக ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்டை விடுவியா? மாட்டே. மிதக்குது, வழிச்சுடு. சிக்ஸ் பேக்குக்காக முக்குக்கடை புரோட்டாவை விடுவியா? முகம் போற போக்கைப் பாரு! அதுவும் மிதக்குது. குரூப் ஃபோருக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு போனை அப்பாயிகிட்ட கொடுத்துட்டு வருவியா? யோசிக்கிறே. சரி, அதுக்குப் பதில் எனக்குச் சொல்ல வேணாம், நீயே வச்சுக்க.

விவசாயத்துல நாங்க எதையும் பின்னாலேருந்துதான் எண்ணுவோம். தையில அறுக்கணும். சி.ஆர். 1009 மாதிரி நீண்ட வயசு ரகம்னா 155 நாளுக்கு மேல கேக்கும். தையிலேருந்து பின்னால எண்ணிக்கிட்டே வந்தா, ஆவணியில நாத்தங்கால்ல விதை விழுந்திருக்கணும். நாத்துக்கு ஒரு மாசம். நடுறதுக்கு முன்னால வயல்ல சேடை ஓட்டணும். அதுக்கு வாய்க்கால்ல தண்ணி வேணும். தண்ணி மேட்டூர்லேருந்து வரணும். இப்படி ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு, இன்னிக்குக் காலையில நான் மண்வெட்டியை எடுக்கணுமா வேணாமாங்கிறது வரைக்கும் கணக்கு வந்து நிக்கும். நீ இன்னிக்குலேருந்து முன்னால எண்ணிக்கிட்டுப் போறே. முன்னால போனா நாளுக்கு என்ன பஞ்சம், நிறையத்தான் தெரியும்.

அந்த மேட்டூரையே எடுத்துக்க. 120 அடி அணை, 1934ல கட்டி முடிச்சது. குறுவைக்கு ஜூன் 12ல திறக்கணும்னு வழக்கம். எத்தனையோ வருஷம் அந்தத் தேதியில திறக்க முடிஞ்சதில்லை. அப்ப நாங்க என்ன பண்றோம்? குறுவையை விட்டுட்டு சம்பாவுக்குப் போறோம். அதுக்கும் தாமதம்னா நாள் குறைஞ்ச ரகத்துக்கு மாறுறோம். நாத்து விட நேரமில்லைன்னா நேரடியா விதைக்கிறோம். தேதி தவறிப் போச்சேன்னு அடுத்த வருஷ ஜூன் 12 வரைக்கும் குத்த வச்சு உக்கார்றதில்லை. நீ திங்கக்கிழமை எழுந்திருக்கலைன்னா அடுத்த திங்கக்கிழமைதான் ஆரம்பிப்பேங்கிறே. செவ்வாய்க்கிழமை என்னடா பாவம் பண்ணுச்சு? செவ்வாய்க்கிழமை முடிதான் வெட்டக் கூடாது. கணக்குப் போடலாம்.

உன் பரீட்சையையும் பின்னாலேருந்து எண்ணு. 200 கேள்வி, 3 மணி நேரம். வகுத்துப் பாரு, கேள்விக்கு 54 வினாடி. ஒண்ணுக்கு ஒன்றரை மார்க், ஆக 300. அதுல தமிழ் மட்டும் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கும் புத்திக்கூர்மையும் சேர்த்து 25. தமிழ்ல 150க்கு 60 வாங்கலைன்னா மிச்சத்தைத் திருத்தவே மாட்டாங்க. மொத்தத்துல 90 வேணும்கிறது வாசப்படிதான், வேலை கிடைக்கிற மார்க் அதுக்கு எங்கேயோ மேல இருக்கு.

பாதிப் பரீட்சை தமிழா? உன் அட்டவணையில பச்சையைத் தேடினேன். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம். தாய்ப்பாலோட குடிச்சதுதானே, தானா வந்துடும்னு நினைச்சிட்டே. ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் தமிழ்ப் புத்தகத்தை வரிசையா அடுக்கி வச்சா எவ்வளவு உயரம்னு என்னிக்காவது பார்த்தியா? பெயரெச்சமா வினையெச்சமான்னு நேத்து கேட்டதுக்கு, நீ அப்பாயியைப் பார்த்தே. அவ மிளகாயைப் பார்த்தா.

குறள் மட்டும் ஜோராப் படிச்சிருக்கேன்னு உங்கம்மா பெருமைப்பட்டுக்கிட்டா. காலமறிதல் 49ஆவது அதிகாரம், வினைத்திட்பம் 67, வினைசெயல்வகை 68, மூணும் தலைகீழாத் தெரியுமாம். அன்னிக்கு அந்த மூணையும் ஒப்பிச்சிட்டு மத்தியானம் படுத்தவன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தியாம். 61ஆவது அதிகாரம் மடியின்மைன்னு ஒண்ணு இருக்கு, ஒழிஞ்சப்போ அதையும் பார்த்து வை.

உன் போன்ல கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர், அமெரிக்காவுல பெஞ்சமின் பிராங்க்ளின் நோட்டுப் போட்டே முன்னுக்கு வந்தார்னு கத்திக்கிட்டிருந்தாரே, அரைகுறையாச் சொல்றாரேன்னு நம்ம ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்தேன். பிராங்க்ளின் தன் கதையைத் தானே எழுதி வச்சிருக்காராம். திருந்தணும்னு 12 நல்ல குணத்தை எழுதினாரு. குவேக்கர் கூட்டத்தைச் சேர்ந்த நண்பர் ஒருத்தர், 'உனக்குத் தலைக்கனம் ஜாஸ்தின்னு ஊர்ல பேசிக்கிறாங்கப்பா'ன்னு பக்குவமாச் சொன்னாரு. சரின்னு பணிவையும் சேர்த்து 13 ஆக்கினாரு. இப்ப நான் உன்கிட்ட சொல்ற மாதிரிதான் அந்த நண்பரும் சொல்லியிருப்பாரு, ஆனா பிராங்க்ளின் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கலை.

நோட்டுல குணத்துக்கு ஒரு பக்கம். சிவப்பு மையில கோடு போட்டு, வாரத்தோட ஏழு நாளுக்கு ஏழு கட்டம். எந்தக் குணத்துல எந்த நாள் வழுக்கினாரோ அங்க ஒரு கறுப்புப் புள்ளி. கவனி, வாரத்துக்கு ஒரே ஒரு குணத்தைத்தான் இறுக்கிப் பிடிச்சாரு. மத்ததுக்குப் புள்ளி வைக்கிறதோட சரி. 13 வாரத்துல ஒரு சுத்து முடியும், வருஷத்துக்கு நாலு சுத்து. நீ பத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு ஒரே நாள்ல முடிச்சிட்டே. அதுலயும் ஒரு வேகம் வேணும்தான்.

எனக்குப் பிடிச்ச இடம் இன்னொண்ணு. புது சுத்து தொடங்கும்போதெல்லாம் பழைய புள்ளியைச் சுரண்டிச் சுரண்டி நோட்டே ஓட்டையாப் போச்சாம்! அப்புறம் யானைத் தந்தத் தகட்டுல கோட்டைப் போட்டு வச்சுக்கிட்டு, பென்சிலால புள்ளி வச்சு, ஈரப் பஞ்சால துடைச்சுக்கிட்டாரு. உன் நோட்டெல்லாம் கடையில வாங்கின பளபளப்பு குறையாம இருக்கு. அழிக்கிறதுக்கு முதல்ல எழுதியிருக்கணுமே. இத்தனை முறை பார்த்தும் 'ஒழுங்கு'ங்கிற ஒரு குணம் மட்டும் அந்த மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் படியலை. சாமானையும் காகிதத்தையும் அதது இடத்துல வைக்க வரலைன்னு அவரே ஒப்புக்கிட்டு எழுதியிருக்காரு. புள்ளி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, அது போதும்னு இருந்திருக்காரு.

வெள்ளைக்காரன் கதை வேணாம்னா காந்தி கதையைக் கேளு. 1888ல சட்டம் படிக்க லண்டனுக்குப் போனாரு, உன்னைவிடச் சின்ன வயசு. போன புதுசுல அவருக்கும் உன்னோடது மாதிரி ஒரு பட்டியல் இருந்துச்சு. பெரிய துரை மாதிரி ஆகணும். பாண்ட் தெருவுல பத்து பவுன் கொடுத்து ராத்திரி விருந்துக்குப் போட்டுக்கிற உடுப்பு தைச்சாரு. நடனம் கத்துக்க மூணு பவுன் கட்டினாரு. பியானோ எந்தப் பக்கம் போவுது, கால் எந்தப் பக்கம் போவணும்னே பிடிபடலை. சரி, காது பழகட்டும்னு மூணு பவுனுக்கு வயலின் வாங்கினாரு. மேடையில பேசறதுக்குத் தனி வாத்தியாரு. மூணு மாசம் போல இந்தக் கூத்து. அப்புறம் ஒரு நாள், நாம வந்தது படிக்கன்னு உறைச்சுது. நடனத்துக்கும் பேச்சுக்கும் முழுக்குப் போட்டுட்டு, வயலின் சொல்லிக் கொடுத்த அம்மாகிட்டயே போய், வந்த விலைக்கு அதை வித்துடுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. உன் கிட்டாரை என்ன பண்ணப் போறே? அட, சும்மா கேட்டேன். அப்பாயி துணி காயப்போட ஆணி இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தா.

அதுக்கப்புறம் காந்தி பண்ணின காரியம்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. செலவழிச்ச ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினாரு. பஸ் கட்டணம், தபால் தலை, பேப்பர் வாங்கின சில்லறை, ஒண்ணு விடாம. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால கூட்டிக் கழிச்சு மிச்சம் பார்த்துட்டுத்தான் படுக்கை. பஸ்ஸுக்குப் போற காசைப் பார்த்துட்டு நடக்க ஆரம்பிச்சாரு, ஒரு நாளைக்கு எட்டு பத்து மைல். நடுவுல லண்டன் மெட்ரிகுலேஷன் எழுதினாரு, லத்தீன்ல ஃபெயில். அழுது ஸ்டேட்டஸ் போட்டாரா? ஒத்தை ரூமுக்கு மாறினாரு, அடுப்பு வாங்கிக் காலைக் கஞ்சியைத் தானே காய்ச்சிக்கிட்டாரு, மறுபடி எழுதிப் பாஸ் பண்ணினாரு.

காலையில எழுதுற திட்டத்துல எல்லாருமே மகாத்மாதான். ராத்திரி எழுதுற கணக்குலதான் ஆள் யாருன்னு தெரியும். அதனால கலர் பேனாவையெல்லாம் தங்கச்சிகிட்ட கொடுத்துடு, ரெக்கார்டு நோட்டுல படம் போடட்டும். ஒத்தைப் பேனாவை வச்சுக்க. ராத்திரி நாலே வரி எழுது. எந்தப் பாடம், எத்தனை பக்கம், எத்தனை கேள்வி போட்டுப் பார்த்தே, எது தெரியலை. நாலாவது வரிதான் முக்கியம். உங்க விடைத்தாள்லயே 'விடை தெரியவில்லை'ன்னு அஞ்சாவது வட்டம் வச்சிருக்காங்களாமே, தெரியாத கேள்வியைச் சும்மா விடாம அதைக் கறுப்பாக்கணுமாமே! எவனோ என் மாதிரி ஒரு கிழவன்தான் உள்ளே உக்காந்து அந்த யோசனையைச் சொல்லியிருக்கணும். அந்த வட்டத்தை வீட்டுலயே கறுப்பாக்கிப் பழகிக்க. இன்னிக்குத் தெரியாததுதான் நாளைக்குப் பாடம். தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் படிச்சுத் தலையாட்டிக்கிட்டு இருக்காதே, அது சுகமா இருக்கும், மார்க் ஏறாது.

அறுத்த நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்கு ஏத்தறதுக்கு முன்னால ஈரம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு நாங்களே களத்துல அள்ளிக் கடிச்சுப் பார்த்துக்குவோம். அங்க போய் நின்னுக்கிட்டு தெரிஞ்சுக்கிட்டா வண்டி வாடகை தண்டம். அதே மாதிரி நீயும் வீட்டுலயே உன்னைச் சோதிச்சுப் பாரு. பழைய கேள்வித்தாளைத் தேர்வாணையமே இணையதளத்துல போட்டு வச்சிருக்கு, காசு கிடையாது. ஞாயித்துக்கிழமை காலை 9.30க்கு உக்காந்து 12.30க்கு எழுந்திரு, நிஜப் பரீட்சை நடக்கிற நேரம் அதுதான். நடுவுல டீ கிடையாது, போன் கிடையாது, 'தாத்தா, இதுக்கு என்ன விடை'யும் கிடையாது.

இன்னொரு சங்கதி. ஐப்பசி கார்த்திகையில மழை ஊத்தும்னு தெரிஞ்சுதான் நாங்க வடிகால் வெட்டி வைக்கிறோம். உன் அட்டவணையில வடிகாலே இல்லை. காய்ச்சல் இல்லை, கரண்ட் போறது இல்லை, கோயில் திருவிழா இல்லை. உங்க அக்கா கல்யாணத்தன்னிக்குக் காலையில கூட 'சிந்துவெளி நாகரிகம்'னு நீலத்துல போட்டு வச்சிருக்கே. அங்க மாப்பிள்ளை தாலி கட்டிக்கிட்டு இருப்பாரு, நீ மொகஞ்சதாரோவுல குளம் தேடிக்கிட்டு இருப்பியா? வாரத்துல ஒரு நாளை வெறுமனே விட்டு வை. விட்டுப் போனதெல்லாம் அங்க வந்து வடியட்டும். ஒண்ணும் விட்டுப் போகலைன்னா கிரிக்கெட் ஆடப் போ, நான் கேக்க மாட்டேன்.

நாலரை மணியையும் அழிச்சிடு. ஆறு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஒழுங்காப் படிச்சா எனக்குப் போதும், மாட்டுக்கும் நிம்மதி.

கடைசியா ஒண்ணு, இது கிண்டல் இல்லை. தேர்வாணையத்தோட ஒருமுறைப் பதிவை 150 ரூபா கட்டிப் பண்ணிட்டேன், எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறியாம். அது அஞ்சு வருஷத்துக்குச் செல்லும், வாஸ்தவம். 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்'ங்கிற பிள்ளைங்களை நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் அஞ்சு வருஷம் கொடுத்திருக்காங்க. ஆனா பதிவு பண்ணினா பரீட்சைக்கு விண்ணப்பிச்சதா ஆகாது. அறிவிக்கை வந்ததும் தனியா விண்ணப்பிக்கணும். கடைசி நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குச் சுத்திக்கிட்டே இருக்கிற சக்கரத்தைப் பார்த்துக்கிட்டு, போட்டோ எங்கே, கையெழுத்து எங்கேன்னு வீட்டையே எழுப்பாதே. ரெண்டையும் இந்த வாரமே டவுனுக்குப் போய் ஸ்கேன் பண்ணி வை. அறிவிக்கை வந்த முதல் வாரத்துல விண்ணப்பத்தைப் போட்டு, நகல் ஒண்ணை எடுத்து உங்கம்மா பீரோவுல வச்சிடு.